மூன்றாவது கிளட்ச் பிளேட்

இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இது நடந்தது கடம்பூர் மலைப்பாதையில், பாதி மலை ஏறிய பிறகு, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஒன்றுமே இல்லாத ஒரு வளைவில். ஜீப்பின் பின்பக்கம் ஏழு பெண்களோடு நானும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் மூட்டு வலிக்காரி மாதம்மாள். ஸ்டீயரிங்கில் என் வீட்டுக்காரர்.

கருகல் வாடை குப்பென்று வந்தது. அவர் போர் வீல் கியரையும் போட்டுப் பார்த்தார். பலமெல்லாம் கிளட்சிலேயே கரைந்து போனால் நாலு சக்கரம் சுற்றி என்ன, நாற்பது சுற்றி என்ன. வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. அவர் பிரேக்கை மிதித்து ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, "எல்லாரும் எறங்கிக்கங்க" என்றார், பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டதுபோல.

பெண்கள் ஒருத்தி கூடக் கத்தவில்லை. இறங்கினார்கள், ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்தார்கள், பின்சக்கரம் இரண்டுக்கும் முட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் செய்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. இது அவர்களுக்குப் புதிதல்ல.

"முன்னாடியும் இப்படி ஆச்சா?" என்று மாதம்மாளிடம் கேட்டேன்.

"எப்பவாச்சும் ஆவுமுங்க அம்மா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஐயா மனசு சங்கடப்படுமுங்களே" என்றாள்.

மீதி மலையை அவர்கள் நடந்தே ஏறினார்கள். நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே வந்தோம். இறக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இறங்குவதற்கு யாருக்குக் கிளட்ச் வேண்டும்.

என் பெயர் நாச்சியம்மாள். சத்தியமங்கலத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் பெயர் பாலுசாமி. வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என்னை வளர்த்தார்கள். எழுதினால் குறையாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மஞ்சள் போட்டிருந்தோம். வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்ட வருகிற எட்டுப் பேரும் மலைமேல் ஒரே ஊர்க்காரர்கள். காலையில் இவர் போய் ஏற்றி வருவார், சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். அவர்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. வியாழக்கிழமை மஞ்சள் வேக வைக்கிற மிஷின் வருவதாக முறை குறித்திருந்தார்கள். அந்த முறையை விட்டால் பிறகு மிஷின்காரன் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. திங்கட்கிழமை சாயங்காலம் இன்னும் கால்வாசி வயல் வெட்டாமல் கிடந்தது.

ஆனால் என்னைக் குடைந்தது மஞ்சள் அல்ல. அந்த ஒரு முழம். வண்டி இன்னும் இரண்டு முழம் உருண்டிருந்தால் எட்டு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது? அடுப்பைத் துடைத்தேன், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். கடைசியில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, இது எதுக்கு வழுக்குதுன்னு தெரியாம இனி ஒருத்தியும் அந்த வண்டியில ஏறக் கூடாதுங்க."

"எதுக்குன்னு தெரியாம என்ன. கலீலு போடற பிளேட்டு அப்படி" என்றார். "ஆடியில ஒண்ணு, ஐப்பசியில ஒண்ணு. நல்ல பிளேட்டுக்குக் காசு வாங்கிட்டு டூப்ளிகேட்டை மாட்டி உட்டுடறான்."

இதை அவர் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. சொசைட்டி பக்கத்து டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். நாலு பேர் காதில் விழுந்தால் எங்கள் பக்கம் நாற்பது தோட்டத்துக்குப் போய்விடும். போன மாதமே இரண்டு பேர் டிராக்டரைக் கலீலிடமிருந்து எடுத்து வேறு ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டார்கள்.

கலீல் ரஹ்மானின் ஒர்க்‌ஷாப் சத்தியில், பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி. அந்த ஜீப்பை நாங்கள் ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். ஐம்பதைத் தொட்டவர். என்னை அக்கா என்றும் இவரை அண்ணன் என்றும் கூப்பிடுவார். வாய்ப்பேச்சாக இல்லை, அப்படித்தான் நடந்தும்கொள்வார். என் மகன் சபரீஷ் கல்யாணத்தில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றியவர். அவர் டூப்ளிகேட் போடுவார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் மூன்று பிளேட் எரிந்திருக்கிறதே, அதுவும் பொய்யில்லையே.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியைத் தட்டுத்தடுமாறி அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினோம். கூடவே நானும் போனேன். நான் வருவது இவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை என்றைக்கு நான் கேட்டேன்.

"இந்த வாட்டியாவது நல்ல பிளேட்டாப் போடு கலீலு" என்றார் இவர், பக்கத்துக் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி.

"செரிங்ண்ணா" என்றார் கலீல்.

அவ்வளவுதான். தப்பு செய்யாதவன் சண்டை போட வேண்டாமா? "என்னங்ண்ணா இப்படிச் சொல்றீங்க" என்று ஒரு வார்த்தையாவது கேட்க வேண்டாமா? எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது.

கலீல் வண்டியில் ஏறி ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்தார். ஸ்டார்ட் செய்து டாப் கியரைப் போட்டு, மிதித்திருந்த கிளட்சை மெதுவாக விட்டார். கிளட்ச் நன்றாக இருந்தால் அந்த இடத்திலேயே இன்ஜின் முக்கி நின்றுபோக வேண்டும். இது நிற்கவில்லை. ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருந்தது.

"வழுக்குதுங்க" என்றார்.

"அது தெரிஞ்சுதானே கொண்டுவந்தேன்" என்று சொல்லிவிட்டு இவர் மண்டிக்குப் போய் மஞ்சள் விலை கேட்டு வருவதாகக் கிளம்பினார். நான் நின்றேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் கலீல். எனக்கு உட்கார முடியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பெடலுக்குக் கொஞ்சம் தொளதொளப்பு வேண்டுமாம், ப்ளே என்றார். அது இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதிபட்டே இருக்குமாம். ப்ளே சரியாக இருந்தது. அப்புறம் கீழே படுத்து டார்ச் அடித்தார். இன்ஜின் ஆயில் கசிந்து பிளேட்டில் இறங்கினாலும் வழுக்குமாம். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்படியானால் இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

போர் வீல் வண்டியில் கியர் பாக்ஸ் இறக்குவது சாமானிய வேலை இல்லை. முன்சக்கரத்துக்குப் பலம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஷாஃப்டையும் கழற்றி, உள்ளே தரைத் தகட்டையும் பெயர்த்து, செயின் போட்டு இறக்கினார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நான் அந்தச் சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தேன். பக்கத்து வெல்டிங் கடைக்காரன் நான் யாரையோ தேடுகிறேன் என்று நினைத்து இரண்டு தடவை விசாரித்தான்.

கலீல் பிளேட்டை எடுத்து வந்து காட்டினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்து, ரிவெட்டு தெரிய, அடுப்பில் விட்ட தோசைபோலக் கருகியிருந்தது.

"இதாங்க்கா. தேஞ்சு போச்சு. வேற போட்டாச் செரியாயிடுமுங்க."

"போன வாட்டியும் இதைத்தானே சொன்னீங்க?"

"வண்டி பழசுங்க்கா" என்றார். சொல்லிக்கொண்டே இன்னொரு கையில் இருந்ததை ஓட்டை உடைசல் போடுகிற டப்பாவில் நழுவ விட்டார். டங்கென்று சத்தம் கேட்டது.

பிளேட்டை ஊருக்கே காட்டுகிறவர் இதை ஏன் எனக்குக் காட்டாமல் போடுகிறார்? டப்பாவில் கையை விட்டு எடுத்தேன். பேரிங். எனக்குப் பேரிங் தெரியும். போர்வெல் மோட்டாருக்கு வருசம் ஒரு தடவை மாற்றுகிறவள் நான். காதுப் பக்கம் வைத்துச் சுழற்றினேன். கரகரவென்று மணல் அரைத்தது. விளிம்பு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"இது ஐப்பசியில புதுசாப் போட்டதுதானே?"

"ஆமாங்க்கா."

"இது எப்பச் சுத்தும்?"

"பெடலை மிதிக்கறப்பங்க."

"மிதிக்காதப்ப?"

"சும்மா இருக்குமுங்க."

"அப்புறம் எப்படி நாலு மாசத்துல இந்தக் கதி ஆச்சு?"

அவர் வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த விரலையே துடைத்தார்.

"கலீலு, வாய்க்குள்ள என்னத்தையோ வெச்சு முழுங்கறீங்க. துப்புங்க."

"கார்த்திகையில சபரீஷ் தம்பி லீவுல வந்து ஓட்டுனப்ப ஒரு வாட்டியாச்சும் வழுக்குச்சுங்களா?"

யோசித்தேன். இல்லை. மகன் அந்த வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மலையெல்லாம் சுற்றினான்.

"அண்ணன் காலு பெடல் மேலயே இருக்குதுங்க்கா" என்றார், குரலை இறக்கி. "மிதிக்கறதில்லீங்க. சும்மா வெச்சிருப்பாருங்க. அந்தப் பாரத்துக்கே பிளேட்டு முழுசாப் புடிக்காது. மேடு ஏறறப்ப அரைச்சு அரைச்சு எரிஞ்சுபோயிருமுங்க. ஐப்பசியில வண்டியை எடுத்துட்டு ட்ரயல் போனோம் பாருங்க, அப்பவே பாத்துப்போட்டனுங்க."

"பாத்துப்போட்டுச் சொல்லாம இருந்தீங்களா?"

"நாப்பது வருசமா ஓட்டறவருகிட்டப் போயி, உங்களுக்குக் காலு வைக்கத் தெரியலீங்ண்ணான்னு எப்படிங்க்கா சொல்றது?"

"ஊரெல்லாம் உங்களை டூப்ளிகேட்டுக்காரன்னு சொல்லிட்டுத் திரியறாரு. ரெண்டு டிராக்டர் போயிருச்சு."

"சொல்லீட்டுப் போறாருங்க. அண்ணன்தானுங்களே."

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகளாவது கூட்டம் போட்டுப் பேசின. எங்கள் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. பூனை மனசு சங்கடப்படும் என்று எல்லா எலியும் சும்மா இருந்துவிடும். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பேரிங்கை அவர் காலடியில் போட்டேன்.

"உங்க மரியாதையில எட்டுப் பொம்பளைங்க மலையில உருண்டிருப்பாங்க. நேத்து ஒரு முழம் பின்னால போச்சு. தெரியுமா உங்களுக்கு?"

கலீலின் முகம் மாறியது. அவர் எதிர்பார்க்காதது அது. பிளேட் எரியும், மாற்றலாம், கெட்ட பேர் தனக்குத்தான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பின் சீட்டை அவர் யோசிக்கவே இல்லை.

"நெம்பத் தப்புங்க்கா" என்றார்.

உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் காலைப் பெடலில் வைத்துக்கொண்டு பிளேட் கோணல் என்று ஊரைக் கூட்டியிருக்கிறார். கெட்ட பழக்கம், அவ்வளவுதானே. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினால் போய்விடும். கத்துவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெயில் தாழ்வதற்குள் புதுப் பிளேட்டும் பேரிங்கும் போட்டு வண்டி தயாராகிவிட்டது. ஹேண்ட் பிரேக் போட்டு டாப் கியரில் விட்டபோது இன்ஜின் முக்கி நின்றது. ஆளில்லாமல் மலையில் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாம் என்றேன். மண்டியிலிருந்து திரும்பியிருந்த இவருக்கும் சந்தோசம். முன் சீட்டில் நான் ஏறினேன். அந்த ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தால் டிரைவரின் இடது கால் நன்றாகவே தெரியும்.

அடிவாரம் தாண்டி மேடு ஆரம்பித்தது. கியர் மாற்ற மிதித்தார். விட்டார். வண்டி சரசரவென்று ஏறியது. கால் பெடலை விட்டு வரவில்லை.

"ஏனுங்க, காலை எடுங்க."

"எந்தக் காலை?"

"கிளட்சு மேல இருக்கறதை."

"கிளட்சு மேல எங்க இருக்குது?" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓரங்கட்டிப்போட்டுக் குனிஞ்சு பாருங்க."

ஓரம் கட்டினார். குனிந்து பார்த்தார். கால் பெடல் மேல்தான் இருந்தது. வேறு யாரோ தன் வண்டியில் கால் வைத்ததுபோல அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையால் முழங்காலைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். கையால் ஏன் நகர்த்துகிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஜெயித்துவிட்ட குஷியில் இருந்தேன்.

இரண்டு வளைவு தாண்டியதும் கால் மறுபடி பெடலில்.

"மறுபடியும் பாருங்க. அந்த மனுசன் பேரைக் கெடுத்துப்போட்டு இங்க நீங்க அதையேதான் பண்றீங்க. சொன்னாத் தெரியாதா? என்ன வீம்பு இது?"

அவர் வண்டியை நிறுத்தினார். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளாக அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "நான் வெக்கலை அம்மணி" என்றார். "எடுத்துட்டேன். கீழதான் இருக்குது."

கீழே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கீழே இல்லை. அதைவிட இன்னொன்று கண்ணில் பட்டது. வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை.

"செருப்பு எங்கீங்க?"

குனிந்து பார்த்தார். "கலீலு கடையில உட்டுட்டனாட்ட இருக்குது."

அந்த ஒர்க்‌ஷாப் தரையில் இரும்புச் சீவல், ஆணி, உடைந்த கண்ணாடி எல்லாம் கிடக்கும். அதில் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து வண்டி ஏறியிருக்கிறார். இந்த வருசம் அவர் செருப்பைத் தொலைப்பது எனக்கு ஒரு கேலியாகவே ஆகியிருந்தது. வரப்பில் ஒன்று, கோயிலில் ஒன்று, எப்போதும் இடது கால். "உங்க செருப்புக்கு உங்களைப் புடிக்கலைங்க" என்று ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் முன்னால் எல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. என்னமோ உறுத்தியது. அது என்ன என்று பிடிபடவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னேன். இறங்கி வரும் வழி முழுக்க அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலில் சாய்ந்து டிவியைப் போட்டார். காலைக் கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டியிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து அந்த இடது பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் ஒரு கருப்புப் புள்ளி. சுற்றிலும் வீங்கி, பழுத்து, மஞ்சளாக இருந்தது. வேலா முள். இன்றைக்கு ஏறியதல்ல, நாலைந்து நாளாவது ஆகியிருக்கும். அதோடுதான் வயலில் நடந்திருக்கிறார், வண்டி ஓட்டியிருக்கிறார்.

என் தாலிக்கொடியில் எப்போதும் ஊக்கு இருக்கும். அதைக் கழற்றி முள்ளின் வாயைக் கிளறினேன். காலை இழுத்துக்கொள்வார் என்று கணுக்காலை இறுக்கிப் பிடித்தேன். அவர் இழுக்கவில்லை. இன்னும் ஆழமாக விட்டேன். சீழ் வந்தது. முள்ளை நகத்தால் பிடித்து உருவினேன், சுண்டுவிரல் கணு நீளம் வந்தது.

"ஈரோட்டுல வெலை ஏறிருச்சு பாரு அம்மணி" என்றார் டிவியைப் பார்த்தபடி.

பயந்துபோனேன். மலையில் வண்டி பின்னால் உருண்டபோதுகூட இந்தப் பயம் வரவில்லை. முள்ளை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"என்னது அது?"

"உங்க கால்ல இருந்ததுங்க. இப்பத்தான் புடுங்குனேன். தெரியலீங்களா?"

முள்ளைப் பார்த்தார், என் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். "தெரிஞ்சுது. லேசா" என்றார்.

"பொய் சொல்லாதீங்க."

"சக்கரைக்காரனுக்குக் காலு கொஞ்சம் மதமதன்னு இருக்கறது சகஜந்தான். மாத்திரைதான் திங்கறனே. ஓட்டறப்ப எல்லாம் நல்லாத் தெரியுது. தெரியாமயா இத்தனை நாளு ஓட்டறேன்? நாளைக்குக் காத்தால நான் போயிக் கூட்டியாருவேன், நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத."

நான் எழுந்து போய்ச் சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். மாதம்மாளின் ஊர்க்காரன் ஒருவன் வாடகைக்கு ஜீப் ஓட்டுகிறான், அவனுக்குப் போன் போட்டு எட்டுப் பேரையும் கூட்டி வரச் சொன்னேன். பேச்சோடு பேச்சாக மாதம்மாளையும் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன், ஐயா கால் எங்கே இருக்கும் என்று. "எப்பவும் அந்தப் பெடல் மேலதானுங்க வெச்சிருப்பாரு, நான் பாத்திருக்கறனுங்க" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. பிறகு சபரீஷுக்குப் போன் போட்டேன். அவன் கோயமுத்தூரில் இருக்கிறான். மறுநாளே ஆர்.எஸ்.புரத்தில் கால் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான்.

"டாக்டர் ஓட்டலாமுன்னு சொல்லட்டுங்க. அடுத்த நிமிசம் சாவியைத் தாரேன். நானே முன்னாடி உக்காந்து வாரேன்" என்றேன்.

"சொல்லுவாரு பாரு" என்றார்.

பஸ்ஸில் அவர் உற்சாகமாகவே வந்தார். நான்தான் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். புளியம்பட்டி, அன்னூர், எதுவும் கண்ணில் பதியவில்லை. காந்திபுரத்தில் சபரீஷ் வந்து ஆட்டோவில் கூட்டிப் போனான். அவர் ஆட்டோவில் ஏறும்போது இடது காலைப் பார்த்தேன், இறங்கும்போது பார்த்தேன். செருப்பு இருந்தது, ஏனென்றால் காலையில் நான்தான் அதற்குப் பின்னால் வார் வைத்துக் கட்டிவிட்டிருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். முள் எடுத்த புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். அப்போதும் இவர் சபரீஷிடம் மஞ்சள் விலையைத்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் முனையில் மெல்லிய நைலான் நரம்பு, மீன் தூண்டிலில் இருப்பது போன்றது.

"ஐயா, இதை வெச்சுக் கால்ல தொடுவேன். கண்ணை மூடிக்கங்க. தொடறப்ப எல்லாம் ‘ம்’ சொல்லுங்க. போதும்."

"செரிங்க" என்றார். பள்ளிக்கூடப் பையன்போல நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வலது காலில் ஆரம்பித்தார் டாக்டர். கட்டை விரலில் தொட்டார். "ம்" என்றார் இவர். விரலுக்குக் கீழே தொட்டார். "ம்." நடுப்பாதத்தில், ஓரத்தில், ஒவ்வொன்றுக்கும் உடனே சொன்னார். தொட்டு, கொஞ்சம் விட்டு, இடம் மாற்றி, மறுபடி தொட்டு. எனக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது. ஒருவேளை நான்தான் பயந்து சாகிறேனோ, இவர் சொன்னதுதான் நிஜமோ. கடவுளே, சாவியைக் கொடுத்துவிடுகிறேன், சந்தோசமாகக் கொடுத்துவிடுகிறேன்.

இடது காலுக்குப் போனார். கட்டை விரலில் தொட்டார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இடத்தில் தொட்டார். ஒன்றுமில்லை. இவர் புருவம் லேசாகச் சுருங்கியது. டாக்டர் இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லையா என்று காத்திருக்கிறார் போலும். மூன்றாவது இடத்தில் நரம்பு வளைந்தது.

அப்போது "ம்" என்றார்.

அடுத்ததற்கும் "ம்" என்றார். அதற்கடுத்ததற்கும். தொட்டு, கொஞ்சம் விட்டு, மறுபடி. ஒன்று கூடத் தவறவில்லை. சபரீஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரிக்கப் போனேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு கையைப் பார்த்தேன். நரம்பை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டிருந்தார். இரண்டு கையும் மடியில் இருந்தன.

"ம்" என்றார் இவர். கொஞ்சம் விட்டு, "ம்."

வலது காலில் எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை தொட்டார்களோ, அதை மனசில் பிடித்துவைத்துக்கொண்டு அதே தாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு கவனம். நெற்றியில் வேர்வை. "ம்." அந்த மலைப்பாதையிலும் இப்படித்தான், பெடல் எங்கே என்று தெரியாமல், இந்நேரம் மிதித்திருப்போம், இந்நேரம் விட்டிருப்போம் என்று கணக்குப் போட்டே வளைவு வளைவாக ஏறியிருக்கிறார். டாக்டர் என்னைப் பார்த்தார். சபரீஷ் சுவரைப் பார்த்தான். யாராவது சொல்லியாக வேண்டும்.

"ஏனுங்க" என்றேன். "டாக்டரம்மா கையை எடுத்துட்டாங்க."

கண்ணைத் திறக்கவில்லை. "எப்ப எடுத்தாங்க?" என்றார்.

"கொஞ்ச நேரமாச்சுங்க."

பிறகு கண்ணைத் திறந்தார். காலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்து, தன்மையாக, எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"எட்டுப் பொம்பளைங்களை ஏத்தீட்டு மலையில ஓட்டீட்டு இருந்தனுங்க."